கத்தியும் கருணையும்

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும் நாட்களில் நம் பள்ளிவாசல்களில் குர்பானியின் சட்டங்கள் விரிவாக எடுத்துரைக்கப்படுகின்றன. பிராணிக்கு வயது எவ்வளவு ஆகியிருத்தல் வேண்டும், கொம்பு முறிந்தது கூடுமா, காது அறுந்தது கூடுமா, இறைச்சியை எவ்வாறு பங்கிடுவது, தோலை யாருக்குக் கொடுப்பது என்றெல்லாம் ஆலிம்கள் பொறுமையோடு விளக்குகின்றனர்; மக்களும் ஆவலோடு கேட்கின்றனர். கத்தியைப் பற்றிய பேச்சு மட்டும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகின்றது. கத்தியை நன்றாகத் தீட்டிக்கொள்ளுங்கள் என்பர், அவ்வளவுதான். அடுத்த மஸ்அலாவுக்குப் போய்விடுவர்.

அந்த ஒரு வாக்கியம் ஆலிம்களின் சொந்த அறிவுரை அன்று. நபி பெருமானார் (ஸல்) அவர்கள் இட்ட கட்டளை. ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள அந்த ஹதீஸ், இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் நாற்பது ஹதீஸ் தொகுப்பிலும் இடம் பெற்றிருப்பதால் மத்ரஸாப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்ததே. எல்லாக் காரியங்களிலும் இஹ்ஸான் விதிக்கப்பட்டிருக்கின்றது என்று பொதுவாகத் தொடங்கி, அறுப்பு வரை வந்து, கத்தியைத் தீட்டுவதையும் பிராணியின் வேதனையைக் குறைப்பதையும் கூறி அது முடிகின்றது. இஹ்ஸான் என்னும் உயர்ந்த சொல்லுக்கு எடுத்துக்காட்டாகத் தொழுகையையோ நோன்பையோ கூறாமல், ஓர் இரும்புத் துண்டின் விளிம்பைக் கூறியிருப்பதை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு. ஆட்டைக் கிடத்தி, அதன் மீது காலை ஊன்றிக்கொண்டு, அதன் கண்ணெதிரே கத்தியைத் தீட்டிய ஒருவரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். அதனை இருமுறை சாகடிக்க எண்ணுகின்றாயா என்ற பொருள்பட அமைந்தது அந்தக் கண்டனம். ஆயுதத்தின் கூர்மையால் அல்லாமல் அறுப்பவனின் கைப்பலத்தால்தான் அறுபடும் என்னும் அளவுக்கு மழுங்கிய கத்தியைக் குறித்து ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்களும் எச்சரிக்கின்றன.

ஆகவே, தீட்ட வேண்டும் என்பதில் ஐயம் இல்லை. எந்தக் கத்தியை, எந்தக் கல்லில், எப்படித் தீட்டுவது என்பதில்தான் நம்மில் பலர் தடுமாறுகின்றோம். என் வாப்பா காலத்தில் இந்தத் தடுமாற்றத்துக்கு இடமில்லை. வீட்டில் இருந்த அரிவாள்மனையும், தேங்காய் வெட்டும் அரிவாளும், பெருநாள் கத்தியும் உள்ளூர்க் கொல்லரோ திருப்பாச்சேத்திக் கொல்லரோ அடித்துக் கொடுத்தவை. எல்லாம் ஏறக்குறைய ஒரே இனத்து எஃகு. கொல்லைப்புறத்துத் துணி துவைக்கும் கல்லில் தண்ணீர் தெளித்து நான்கு இழுப்பு இழுத்தால் எல்லாமே வழிக்கு வந்துவிடும். இன்றைக்கு அப்படியில்லை. கடையில் வாங்கிய எவர்சில்வர் கத்தி ஒன்று, வளைகுடாவிலிருந்து மச்சான் கொண்டுவந்த வெளிநாட்டுக் கத்தி ஒன்று, லாரிப் பட்டையில் அடித்த வெட்டுக்கத்தி ஒன்று, பட்டறையில் ஆக்ஸா பிளேடிலிருந்து கடைந்து கொடுத்த சிறு கத்தி ஒன்று, வாப்பாவின் பழைய கத்தி ஒன்று என்று ஒரே வீட்டில் ஐந்து இனத்து எஃகு சேர்ந்து கிடக்கின்றது. ஐந்தையும் ஒரே கல்லில் ஒரே விதமாக உரசிவிட்டு, தீட்டியாயிற்று என்று நாம் மன நிறைவு அடைகின்றோம்.

மழுங்குதல் என்று பொதுவாகச் சொல்கின்றோம். உண்மையில் அது மூன்று விதமாக நேர்கின்றது. கத்தியின் இரு பக்கச் சரிவுகளும் சந்திக்கும் இடம் தலைமுடியைக் காட்டிலும் பன்மடங்கு மெல்லியது. எஃகு மென்மையானதாக இருந்தால் அந்த மெல்லிய விளிம்பு ஒருபக்கமாக மடங்கிவிடும். மிகக் கடினமானதாக இருந்தால் மடங்காது; நொறுங்கிப் பல் விழும். இரண்டும் இல்லாத நடுத்தர எஃகில் விளிம்பு மெல்ல மெல்லத் தேய்ந்து உருண்டுபோகும். மடங்கியதை நிமிர்த்த வேண்டும். பல் விழுந்ததைப் பல் மறையும் வரை தேய்த்தெடுக்க வேண்டும். உருண்டதைப் புதிதாகக் கூராக்க வேண்டும். நோய் மூன்றாக இருக்க மருந்து ஒன்றாக இருக்க முடியுமா?

கறிக்கடை மாமா என்று ஊரே அழைக்கும் பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். என் சிறுவயதில் அவருடைய கடை மரமேடையில் மூன்று கத்திகள் இருக்கும். எலும்பு வெட்டுவதற்கு லாரியின் வில் பட்டையில் அடித்த கனத்த கத்தி. தோலுரிப்பதற்கு ஆக்ஸா பிளேடில் செய்த குட்டைக் கத்தி. அறுப்புக்கென்று தனியாகத் துணியில் சுற்றி வைத்த நீண்ட கத்தி. அந்த மூன்றாவதை அவர் வேறெதற்கும் எடுக்கமாட்டார். வெங்காயம் நறுக்கக் கேட்டாலும் தரமாட்டார். ஏன் மாமா மூன்று என்று கேட்டேன். "மூணுக்கும் மூணு கொணம்டா மவனே. மூத்தவனுக்குப் பொறுமை ஜாஸ்தி, நடுவுலவனுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி, கடைசி உள்ளவனுக்கு ரோசம் ஜாஸ்தி" என்றார். அப்போது அதை வேடிக்கைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டேன். உலோகவியல் நூல்களை ஓரளவு படித்த பிறகு, அவர் சொன்னதைக் காட்டிலும் சுருக்கமாக அதைச் சொல்ல இயலாது என்று தோன்றுகின்றது.

பொறுமை மிகுந்தது லாரிப் பட்டை. பாரம் ஏற ஏற வளைந்து, இறங்கியதும் நிமிர வேண்டிய எஃகு அது. இரும்போடு அரை விழுக்காட்டுக்குச் சற்று மேலாகக் கரியும், ஒன்றரை முதல் இரண்டு விழுக்காடு வரை சிலிக்கானும், ஒரு விழுக்காட்டுக்குள் மாங்கனீசும் சேர்த்து நம் நாட்டில் இவ்வகைப் பட்டைகள் செய்யப்பட்டு வந்துள்ளன. எலும்பின் மீது ஓங்கி அடித்தாலும் நொறுங்காது; விளிம்பு சற்று மடங்கும், அவ்வளவே. ஆதலால் அதற்கு அகன்ற கோணம் வைத்து, பக்கத்துக்கு 25 பாகை அளவில் தீட்டினால் போதும். சாதாரண மணற்கல்லே அதற்குத் தாராளம். கறிக்கடைக்காரர்கள் வியாபாரத்துக்கு நடுவே இரும்புக் கம்பியிலோ மற்றொரு கத்தியின் முதுகிலோ இருமுறை உரசிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அது தீட்டுதல் அன்று. மடங்கிய விளிம்பை நிமிர்த்துதல். மென்மையான எஃகுக்கு அது பொருந்தும். மிகக் கடினமான கத்தியை அப்படிக் கம்பியில் அறைந்தால் விளிம்பு உதிரும்.

பிடிவாதக்காரன் ஆக்ஸா பிளேடு. இரும்பை அறுக்கும் மின்ரம்பத்தில் பொருத்தப்படும் அகலமான பிளேடுகளைத்தான் குறிப்பிடுகின்றேன். ஹைஸ்பீடு ஸ்டீல் என்று பட்டறைகளில் வழங்கும் எஃகினால் ஆனவை பல. டங்ஸ்டன், மாலிப்டினம், குரோமியம், வனேடியம் ஆகிய உலோகங்கள் அதில் கலந்துள்ளன. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அமெரிக்கர்கள் இவ்வகை எஃகினால் ஆன கருவியைக் கடைசல் எந்திரத்தில் ஓட்டிக் காட்டியபோது, முனை சிவந்து கனன்ற நிலையிலும் அது இரும்பைச் சீவிக்கொண்டிருந்ததைக் கண்டு ஐரோப்பியத் தொழிலறிஞர்கள் திகைத்துப்போயினர். 600 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறினாலும் தன் கடினத்தை அது எளிதில் இழப்பதில்லை. அதன் மறுபக்கம், அதைத் தீட்டுவதற்குள் தோள் வலி எடுத்துவிடும். அதிலுள்ள வனேடியத் துகள்கள் சாணைக்கல்லைக் காட்டிலும் கடினமானவை. சாதாரண மணற்கல்லில் அது வழுக்கிக்கொண்டு போகும். ஒருமுறை தீட்டிவிட்டாலோ வாரக்கணக்கில் கூர் குறையாது. கறிக்கடை மாமா அதைத் தோலுரிக்க மட்டும் வைத்திருந்ததற்கும் காரணம் உண்டு. எலும்பில் பட்டுத் திருகினால் கண்ணாடிபோல் துண்டாக முறியும்.

ரோசக்காரன்தான் நம் பேச்சின் நாயகன். மாமாவின் அறுப்புக் கத்தியும் என் வாப்பாவின் பெருநாள் கத்தியும் தேய்ந்துபோன அரத்திலிருந்து அடிக்கப்பட்டவை. இரும்பை ராவும் அரத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் கரி உண்டு. வேறு கலப்புக் குறைவு. கொல்லர் அதைச் செந்நிறமாகக் காய்ச்சி அடித்து, கத்தியாக்கி, மீண்டும் காய்ச்சித் தோய்ச்சல் கொடுப்பார். தோய்த்த உடனே அது மிகக் கடினமாகவும் எளிதில் முறிவதாகவும் இருக்கும். அதனால் மறுபடியும் இளஞ்சூடு காட்டி, 220 பாகையளவில் எஃகின் மேல் வைக்கோல் நிறம் படரும்போது நிறுத்திவிடுவார். கொல்லர்கள் வெப்பமானியைக் கொண்டு இதைப் பார்த்தவர்கள் அல்லர். நிறத்தைக் கொண்டே பதம் பார்த்தனர். வைக்கோல் நிறம் தாண்டிப் பழுப்பு, பழுப்பைத் தாண்டி ஊதா, 300 பாகை அளவில் நீலம். நீலம் வந்துவிட்டால் கூருக்கு வேண்டிய கடினம் போய்விட்டது என்று பொருள். வில்லுக்கு அது ஆகும், கத்திக்கு ஆகாது. இந்த வைக்கோல் நிறப் பதத்தில் நின்ற எஃகுக்கு ஈடாகச் சுலபமாகவும் மெல்லியதாகவும் கூர் ஏறும் எஃகு வேறொன்றை நான் என் கையால் கண்டதில்லை. ஆனால் தண்ணீர் பட்டால் துரு; எலுமிச்சை பட்டால் கறை; வாழைக்காயை நறுக்கினால் காயும் கறுக்கும், கத்தியும் கறுக்கும். கழுவித் துடைத்து எண்ணெய் தடவாமல் விட்டுவிட்டால் மறுநாளே முகத்தைக் காட்டிவிடும். ரோசம் என்று மாமா சொன்னது அதைத்தான்.

எங்கள் உம்மாமார்களுக்கு இந்தத் துருவின் மீதும் கறையின் மீதும் இருந்த வெறுப்புதான் எவர்சில்வர் கத்தியை அடுப்பங்கரைக்குள் கொண்டுவந்தது. 1913ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர், துப்பாக்கிக் குழல் அரிபடாமல் இருக்க வழி தேடிக்கொண்டிருந்தபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 13 பங்கு குரோமியம் சேர்ந்த எஃகு துருப்பிடிக்காதிருப்பதைக் கண்டார். ஷெஃபீல்டு கத்திக்குப் பேர்போன ஊர். அவ்வூர்க் கத்தித் தொழிலாளர் தொடக்கத்தில் அந்த எஃகை வரவேற்கவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று அவரைக் கேலி செய்தனராம். அந்தக் கேலியில் ஓரளவு நியாயமும் இருந்தது. பழைய எஃகுக்குப் பழகிய கையும் கல்லும் புதிய எஃகிடம் தோற்றுப்போயின.

ஏன் தோற்றன என்பதை அறிந்துகொண்டால் நம் வீட்டு எவர்சில்வர் கத்தியின் மர்மமும் விளங்கும். எஃகினுள் குரோமியமும் கரியும் கூடி மிக நுண்ணிய கடினத் துகள்களை உண்டாக்குகின்றன. நம் துவைகல்லும் மணற்கல்லும் படிக மணலால் ஆனவை. கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை அளக்கும் வரிசையில் படிக மணலுக்கு ஏழாம் இடம். குரோமியத் துகள்கள் அதற்கும் மேலே நிற்கின்றன. ஆகவே துவைகல்லில் எவர்சில்வர் கத்தியை எத்தனை நேரம் உரசினாலும் துகள்கள் அசையாமல், சுற்றியுள்ள மெல்லிய உலோகம் மட்டும் தேய்ந்து, கூர் ஏறுவதுபோல் ஏமாற்றும். ஒன்பதாம் இடத்தில் இருக்கும் குருந்தக்கல்லோ, அதையொத்த செயற்கைக் கல்லோதான் அதற்கு வேண்டும். மற்றொரு தொல்லை பிசிர். தீட்டும்போது விளிம்பில் எழும் மெல்லிய இழை அது. பழைய எஃகில் பிசிர் எழுந்தால் தோல்வாரில் இரண்டு இழுப்பில் உதிர்ந்துவிடும். எவர்சில்வரில் அது ரப்பர்போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயுமே தவிர எளிதில் விழாது. விரலை விளிம்புக்குக் குறுக்காக மெல்லத் தடவினால் அது தட்டுப்படும். பிசிரோடு இருக்கும் கத்தி காகிதத்தை அழகாகக் கிழிக்கும். கூர் வந்துவிட்டது என்று நாமும் நம்பிவிடுவோம். முதல் தோலும் முடியும் பட்டவுடன் அந்தப் பிசிர் மடங்கிப்போகும். அதற்குப் பிறகு அந்தப் பிராணியின் கழுத்தில் நடப்பது அறுப்பு அன்று, அழுத்தம்.

பெருநாளன்று ஒரு வீட்டில் இதை நான் கண்ணாரக் கண்டேன். யார் வீடு என்பது முக்கியமில்லை. பளபளவென்ற புதுக் கத்தி. முதல் நாள்தான் கடையில் வாங்கியது. முதல் ஆடு சிரமமின்றி அறுபட்டது. இரண்டாவது ஆட்டின் கழுத்தில் கத்தி நின்று நின்று சென்றது. அறுத்தவர் நல்ல மனிதர். தக்பீர் சொன்ன குரலிலேயே நடுக்கம் இருந்தது. அவருடைய நிய்யத்தில் குறையில்லை, கையிலும் குறையில்லை. அந்தக் கத்தி எந்த எஃகு என்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. என் கையிலிருந்த கத்தியைக் கொடுத்து மூன்றாவது ஆட்டை அறுக்கச் செய்தோம். ஆனால் அந்த இரண்டாவது ஆட்டின் கண்கள் அன்று பிரியாணியின் முன் உட்கார்ந்தபோதும் என் நினைவை விட்டு அகலவில்லை.

எவர்சில்வர் என்றாலே பழுது என்று கூறிவிடலாகாது. நூற்றுக்கு ஒரு பங்கை ஒட்டிக் கரி சேர்த்து, முறையாகப் பதமிட்ட நல்ல குரோமிய எஃகுக் கத்திகள் உண்டு. அவை விலை கூடியவை. குருந்தக்கல்லில் பொறுமையாகத் தீட்டினால் பழைய எஃகுக்கு இணையாகவே நிற்கும். மலிவானவற்றில் கரி மிகக் குறைவு. இன்னும் சிலவோ, பாத்திரம் செய்யும் தகட்டிலிருந்தே வெட்டப்பட்டவை. அவ்வகைத் தகட்டுக்குத் தோய்ச்சலே ஏறாது. காந்தத்தை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் இது தெரிந்துவிடும். நல்ல கத்தி எவர்சில்வராயினும் காந்தத்தில் ஒட்டும். ஒட்டாத கத்தி கேக் வெட்டுவதற்கு உரியது.

இவற்றையெல்லாம் காந்தம்கூட இல்லாமல் சொல்லக்கூடியவர் எங்கள் பகுதியில் ஒருவர் உண்டு. சைக்கிளின் பின்புறம் சாணைச் சக்கரத்தைப் பொருத்தி, தெருத்தெருவாக வரும் முதியவர். சைக்கிளை நிறுத்திவிட்டுப் பெடலை மிதித்தால் சக்கரம் சுழலும். என் வாப்பாவைப் பாய் என்றும், நரைத்துப்போன என்னை இன்னும் தம்பி என்றும் அழைப்பவர். ஒரு நாள் நம் வீட்டுக் கத்திகளை வரிசையாக அவர்முன் வைத்தேன். ஒவ்வொன்றையும் சக்கரத்தில் ஒரு கணம் தொட்டுத் தொட்டு எடுத்து, பார்க்காமலே பிரித்து அடுக்கினார். எப்படியென்று கேட்டேன்.

"கத்தியப் பாத்தா என்ன தெரியும், தம்பி? பொறியப் பாக்கணும்."

காட்டவும் செய்தார். வாப்பாவின் கத்தி சக்கரத்தில் பட்டபோது வெண்மஞ்சள் பொறிகள் பறந்து, ஒவ்வொன்றும் முனையில் பூப்பூவாகச் சிதறின. சிறுவர்கள் கொளுத்தும் கம்பி மத்தாப்பேதான். லாரிப் பட்டையிலும் பூக்கள் இருந்தன, சற்றுக் குறைவாக. எவர்சில்வரில் பொறி குட்டையாக, ஆரஞ்சு நிறத்தில் வந்தது. பூ அருகியே தோன்றியது. ஆக்ஸா பிளேடில் மங்கிய சிவப்புக் கோடுகள் மட்டும், பூவே இல்லை. எஃகிலுள்ள கரி காற்றில் வெடித்து எரிவதே அந்தப் பூ. கலப்பு உலோகங்கள் அந்த வெடிப்பை அடக்கிவிடுகின்றன. தொழிற்சாலைகளில் இன்றும் எஃகின் இனம் காண இந்தச் சோதனை கையாளப்படுகின்றது. பள்ளிக்கூட வாசலை மிதித்திராத அந்த முதியவர் இதைத் தம் தகப்பனாரிடம் கற்றதாகக் கூறினார்.

அவருடைய சக்கரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறத்தான் வேண்டும். பழைய சாணைச் சக்கரங்கள் குருந்தத் தூளை அரக்கோடு உருக்கிச் சேர்த்துச் செய்யப்பட்டவை. குருந்தம் நம் மண்ணின் கல். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியில் இக்கல் கிடைப்பதை நிலநூலார் அறிவர். ஆங்கிலத்தில் கொரண்டம் என்று வழங்கும் பெயரே தமிழ்ச் சொல்லிலிருந்து சென்றது. 1890களில் அமெரிக்கரான அச்செசன் மின்னுலையில் கார்போரண்டம் என்னும் செயற்கைக் கல்லை உண்டாக்கி, கரியின் பெயரோடு நம் கல்லின் பெயரையும் ஒட்டவைத்து அதற்குப் பெயரிட்டார். கடையில் நாம் வாங்கும் கறுப்புத் தீட்டுக்கல் பெரும்பாலும் அதுதான்.

எஃகுக்கும் அத்தகைய வரலாறு உண்டு. அரபு மொழியில் முஹன்னத் என்றால் ஹிந்து நாட்டு எஃகினால் ஆன வாள். கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் பெருமானார் (ஸல்) அவர்களின் திருமுன் பாடி, போர்வையைப் பரிசாகப் பெற்ற கஸீதாவில் நபியவர்களை அத்தகைய வாளுக்கு உவமித்திருக்கின்றார்கள் என்பதை அரபுக் கல்லூரி மாணவர்கள் அறிவர். ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த தத்துவஞானி அல்கிந்தீ வாள்களைப் பற்றியே தனி நூல் எழுதி, ஆண் இரும்பு, பெண் இரும்பு, ஃபூலாத் என்று இரும்பைத் தரம் பிரித்தார். அந்த ஃபூலாத் உருவான நாடுகளில் தென்னிந்தியாவும் ஒன்று. நம்மூர் இரும்பை ஆவாரங்குச்சியோடும் எருக்கிலையோடும் சிறு மண்குகையில் அடைத்து உருக்கிய முறையை, பரங்கிப்பேட்டையில் 1830ஆம் ஆண்டளவில் இரும்பாலை தொடங்கிய ஹீத் என்னும் ஆங்கிலேயர் எழுதி வைத்துள்ளார். மஹ்மூது பந்தர் என்று நம்மவர் அழைத்த அதே பரங்கிப்பேட்டைதான். லண்டனில் மின்சார ஆராய்ச்சியால் பின்னாளில் புகழ்பெற்ற ஃபாரடே, ஒரு கொல்லரின் மகன்; ஸ்டோடார்ட் என்னும் கத்தித் தொழிலாளரோடு சேர்ந்து இந்த உருக்கை ஆராய்ந்து 1820இல் கட்டுரை வெளியிட்டார். எஃகின் வகைகளைப் பகுத்தறிந்த கல்வி நம் முன்னோரிடம் ஒருபுறம் கொல்லுலையிலும் மறுபுறம் அரபு நூல்களிலுமாக இருந்தது. அதன் வாரிசுகளான நாம் கத்தி வாங்கும்போது கைப்பிடியின் நிறத்தைப் பார்த்து வாங்குகின்றோம்!

வாப்பாவின் கத்தி மீண்டும் என் கைக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது சாணை முதியவர் காய்ச்சலாகப் படுத்துவிட்டார். என் தம்பி மகன் ஆர்வமிக்க பையன். நான் வெளியூர் சென்றிருந்த வேளையில் அந்தக் கத்தியை எடுத்துப்போய் அடுத்த ஊரில் மோட்டார்ச் சக்கரம் வைத்திருந்த ஒரு பட்டறையில் கொடுத்துவிட்டான். பெருநாள் நெரிசல். ஐந்து நிமிடத்தில் தீட்டிக் கொடுத்துவிட்டார்களாம். நான் திரும்பி வந்ததும், "பெரியவாப்பா, பாருங்க" என்று காகிதத்தை நறுக்கிக் காட்டினான். காகிதம் அறுபட்டது உண்மைதான். விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தேன். விளிம்பை ஒட்டி நான்கு விரற்கடை நீளத்துக்கு, மயில் கழுத்துப்போல் நீலம். தண்ணீர் தொடாமல் வேகச் சக்கரத்தில் அழுத்தியதால் கொல்லர் வைக்கோல் நிறத்தில் நிறுத்திவைத்த பதம் வெந்துபோயிருந்தது. அவ்வாண்டு அந்தக் கத்தியை நாங்கள் குர்பானிக்கு எடுக்கவில்லை. ஆக்ஸா பிளேடாக இருந்திருந்தால் அந்தச் சூட்டுக்கு அசைந்திராது. அரத்து எஃகு தாங்கவில்லை.

காய்ச்சல் நீங்கி வந்த முதியவர் கத்தியை வாங்கிப் பார்த்து நாக்கைச் சப்பினார். "வெந்துபோச்சு, தம்பி. வெந்த எஃகும் தகரமும் ஒண்ணு" என்றார். பிறகு தகரக் குவளையில் தண்ணீர் வைத்துக்கொண்டு, சக்கரத்தில் மூன்று எண்ணும் வரை, தண்ணீரில் மூன்று எண்ணும் வரை என்று மாற்றி மாற்றி, நீலம் ஏறிய பகுதி முழுவதையும் தேய்த்தெடுத்தார். ஒரு முற்பகல் முழுவதும் பிடித்தது. கத்தி ஒரு நூல் அகலம் குறைந்தது. அவருக்கு அருகிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான் தம்பி மகன். அவனை நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு இருந்ததையெல்லாம் அந்தத் தண்ணீர்க் குவளை சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று முதல் எங்கள் வீட்டில் பெருநாள் கத்தியை வெளியே கொடுப்பதில்லை. இருபக்கமும் உள்ள செயற்கைக் கல் ஒன்று போதும். கரடான பக்கம் பல் எடுக்க, நயமான பக்கம் கூர் ஏற்ற. கல்லைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். நான்கு சென்டிமீட்டர் அகலமுள்ள கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயர்த்திப் பிடித்தால் ஏறத்தாழ 15 பாகை கோணம் அமையும். அறுப்புக் கத்திக்கு அதுவே தக்க அளவு. கோணம் மாறாமல், அடிமுதல் நுனிவரை, ஒரு பக்கத்தில் பிசிர் எழும் வரை, பிறகு மறுபக்கம். பழைய எஃகானால் இடுப்பு வாரின் உட்புறத்தில் பின்னோக்கி இழுத்தால் பிசிர் உதிரும். சுன்னத்துக்கு வரும் ஒஸ்தாமார்கள் அந்தக் காலத்தில் சவரக் கத்தியைத் தோல்வாரில் அடிக்கும் ஓசைக்கே பிள்ளைகள் ஓடி ஒளிவார்கள். அந்த ஓசையின் பொருள் இதுதான். எவர்சில்வரானால் நயமான பக்கத்தில் அழுத்தமே இல்லாமல் இப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு முறை இழுத்த பின்னரே வாருக்குக் கொண்டுபோக வேண்டும். கல் கிடைக்காத இடத்தில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அதன் அடியிலுள்ள மெருகில்லாத வளையத்தில் உரசினாலும் ஓரளவு கூர் மீளும். கூர் பார்ப்பதற்குக் காகிதத்தை நம்பாதீர்கள். கட்டைவிரல் நகத்தின் மேல் விளிம்பைச் சாய்வாக, அழுத்தாமல் வைத்துப் பாருங்கள். வழுக்கினால் மழுக்கம், பற்றினால் கூர். விளிம்பின் முழு நீளத்துக்கும் இப்படிப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் முதல்நாள் இரவே, ஆடுகள் கட்டியிருக்கும் இடத்துக்கு அப்பால் முடித்துக்கொள்கின்றோம். ஒன்றுக்கு மேற்பட்ட பிராணிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் பிறகு கத்தியைக் கழுவி, மறைவாகக் கொண்டுபோய் நயமான கல்லில் இரண்டு மூன்று இழுப்பு. எலும்பைக் காட்டிலும் ரோமத்தில் ஒட்டியிருக்கும் மண்தான் கூரைத் தின்பது. கழுத்துப் பகுதியை முன்கூட்டியே கழுவிவிடுவதும் நல்லது. பெருநாள் நெரிசலில் ஒரே கத்தியோடு வீடுவீடாக ஓடும் அன்பர்களுக்கு இது கடினம் என்பதை அறிவேன். அவர்களோடு ஒரு பையன் கல்லும் தண்ணீர்ப் பாத்திரமும் எடுத்துக்கொண்டு சென்றால் என்ன? ஜமாஅத்தார் இதை ஏற்பாடு செய்வதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

சாணை முதியவர் இப்போது சைக்கிள் மிதிப்பதில்லை; முழங்கால் வலி. அவருடைய மகன் மோட்டார்ச் சக்கரம் வாங்கியிருக்கின்றார். பக்கத்தில் தண்ணீர்க் குவளை இருக்கின்றதா என்று போன மாதம் அந்த வழியாகச் சென்றபோது எட்டிப் பார்த்தேன், இருந்தது. கல்லை நனைத்துப் பெருநாள் கத்தியைத் தீட்டும் வேலை இப்போது தம்பி மகனுடையது. வேலை முடிந்ததும் வெந்நீரில் கழுவி, வெயிலில் காட்டி, எண்ணெய் தோய்ந்த துணியில் சுற்றி, அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுகின்றான். வெங்காயம் நறுக்கக் கேட்டால் அவனும் தருவதில்லை.